இறக்குமதியும் பதிவிறக்கமும்: காத்திருந்தோர் வரலாறு

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் கடைத்தெருவுக்குச் சாலை என்று பெயர். அதன் கீழ்க்கோடியில் உள்ளது வலியசாலை. தமிழ் பேசும் அக்கிரகாரத் தெருக்களும் மகாதேவர் கோயிலும் கொண்ட இவ்விடமே முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி கூறும் காந்தளூர்ச்சாலை என்பது ஆய்வாளர் பலர் கொள்கை. அங்கே அவன் 'கலமறுத்தான்' என்கிறது கல்வெட்டு. அக்கலம் மரக்கலமா, உண்கலமா என்ற வழக்கு ஒரு நூற்றாண்டாகத் தீரவில்லை. கப்பல்களை அழித்தான் என்பர் ஒரு சாரார். சாலையில் உண்போர்க்கு அளக்கும் பங்கை வரையறுத்தான் என்பர் வேறு சிலர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். முதற்பொருள் சரியென்றால் வரத்து நின்றது. இரண்டாவது சரியென்றால் பங்கு அளக்கப்பட்டது. இரண்டிலும் முடிவு செய்தவன் தொலைவில் இருந்தான். பத்தாம் நூற்றாண்டுச் செய்தியை இதற்குமேல் இழுப்பது முறையன்று. ஆயினும் இங்கே பேசவிருக்கும் செய்தியும் வரத்தையும் பங்கையும் பற்றியதே.

சாலைச் சந்தையைப் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைபெறச் செய்தவர் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசர். எந்தச் சந்தையையும் போலவே இங்கும் நாள் முழுதும் காதில் விழும் வினைச்சொல் 'இறக்கு'. மூட்டை இறக்குவார்கள், சுமை இறக்குவார்கள், அதிலிருந்தே இறக்குமதி. மலையாளத்தில் புதுத் திரைப்படம் 'இறங்கும்'. தமிழ்ப் பேச்சிலும் கடைக்காரர் புது மாதிரியை 'இறக்கியிருக்கிறார்'. இரு மொழிக்கும் நடுவே வாழும் வலியசாலைத் தமிழர்க்கு இவ்வினையின் இரண்டு வழக்கும் பழக்கமானவை. கணினி வந்தபின் தமிழ் அதே வினையைக் கொண்டு 'பதிவிறக்கம்' என்ற சொல்லை ஆக்கிக்கொண்டது. நல்ல சொல்லாக்கம்தான். ஆனால் அது ஒன்றை மறைத்துவிட்டது. வண்டியிலிருந்து இறங்கிய மூட்டை, விலை கொடுத்தபின் வாங்கியவனுடையது. விற்றவன் மனம் மாறினாலும் அது வீட்டிலிருந்து திரும்பிப் போகாது. பதிவிறக்கியது அப்படியன்று.

கணினியிலும் கைப்பேசியிலும் விளையாடுவோர் கடந்த இருபது ஆண்டுகளாக எழுப்பிவரும் புகார்களுக்குத் தாமதம் என்று பொதுப்பெயர் இடப்படுகிறது. விளையாட்டு சொன்ன நாளில் வரவில்லை, வந்தது திறக்கவில்லை, திறந்தது காணாமற்போனது. இவற்றை இளைஞரின் பொறுமையின்மை என்று ஒதுக்குவது எளிது. பத்திரிகைகள் பெரும்பாலும் அவ்வாறே செய்தன. இப்புகார்களைக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சாவி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி ஆண்டுதோறும் கூர்மையடைந்து வந்திருக்கிறது. பதில் சொல்லக் கடமைப்பட்டவரோ ஆண்டுதோறும் கண்ணுக்குத் தெரியாத தொலைவுக்குப் போயிருக்கிறார்.

தமிழர்க்கு வெளியீட்டு நாளும் காத்திருப்பும் புதியவை அல்ல. 'பெட்டி வந்துவிட்டதா?' என்பது ஒரு தலைமுறையின் கேள்வி. திரைப்படச் சுருள் அடங்கிய தகரப்பெட்டி பேருந்திலோ இரயிலிலோ வந்து சேரும் வரை முதல் காட்சிக்கு வந்த கூட்டம் கொட்டகை வாசலில் நிற்கும். பெட்டி வராததற்குக் காரணம் தெரிந்தோ தெரியாமலோ இருக்கலாம். ஆனால் பெட்டி என்று ஒன்று உண்டு, அது எங்கோ ஒரு வழியில் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. படச்சுருள் போய் டிஜிட்டல் முறை வந்தபின் படம் முன்னதாகவே திரையரங்கின் சர்வருக்கு வந்துவிடுகிறது. வராமல் இருப்பது கே.டி.எம். எனப்படும் திறவுகோல் மட்டுமே. பணத் தகராறு தீராத விடியற்காலைகளில், படம் உள்ளேயே இருக்க, வாசலில் கூட்டம் நிற்கும் காட்சி அதன்பின் வழக்கமாயிற்று. பொருள் வந்துவிட்டது, அனுமதி வரவில்லை என்னும் இந்நிலை தமிழ்ச் சூழலுக்கு இப்படித்தான் அறிமுகமானது.

விளையாட்டு உலகில் இதன் முதல் பெருநிகழ்வு 2004இல் நடந்தது. அதற்கு முன்பே, 1993 டிசம்பர் 10 அன்று, 'டூம்' விளையாட்டின் முதற்பகுதி விஸ்கான்சின் பல்கலைக்கழகச் சர்வர் வழியாக இணையத்தில் இலவசமாக விடப்பட்டது. காத்திருந்தோர் அத்தனை பேரும் முன்னதாகவே நுழைந்து இடத்தை அடைத்துக்கொண்டதால், ஆக்கியோரால் கோப்பை ஏற்றவே முடியவில்லை. நிர்வாகி அவர்களை வெளியேற்றியே வழிவிட வேண்டியதாயிற்று. அது தாமதத்தின் கள்ளமற்ற காலம். இறக்கிக்கொண்டவர் நண்பருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். ஆக்கியோர் விரும்பியதும் அதையே.

'ஹாஃப்-லைஃப் 2' வேறு வகை. 2003 செப்டம்பர் 30 அன்று வெளிவரும் என்று வால்வ் நிறுவனம் அறிவித்தது; வரவில்லை. சில நாட்களில் அதன் மூலநிரல் திருடப்பட்டு இணையத்தில் கசிந்ததை நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் ஒப்புக்கொண்டார். ஓராண்டுக்கு மேல் கழித்து 2004 நவம்பர் 16 அன்று விளையாட்டு வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் வால்வ் தன் 'ஸ்டீம்' என்னும் இணையக் கடையை நிலைப்படுத்திக்கொண்டது. ஆகஸ்டு முதலே விளையாட்டின் கோப்புகளைப் பூட்டிய நிலையில் முன்கூட்டி இறக்கிவைத்துக்கொள்ள வகை செய்தது. குறுந்தகடாகக் கடையில் வாங்கியவரும் ஸ்டீமில் பதிந்து இசைவு பெற்றால்தான் ஆடமுடியும் என்று விதித்தது. வெளியீட்டு நாளில் சர்வர்கள் திணறின. கையில் தகட்டை வைத்துக்கொண்டு, விலை கொடுத்த சீட்டையும் வைத்துக்கொண்டு, ஆடமுடியாமல் பலர் உட்கார்ந்திருந்தனர். இணைய இணைப்பு இல்லாத வீட்டில் அத்தகடு வெறும் தகடு.

அதே 2004இன் அக்டோபரில்தான் இந்திய அரசின் அகன்ற அலைவரிசைக் கொள்கை வெளிவந்தது. அகன்ற அலைவரிசை என்று அது வரையறுத்த குறைந்த அளவு நொடிக்கு 256 கிலோபிட். அவ்வேகத்தில் ஒரு குறுந்தகடு கொள்ளும் 700 மெகாபைட்டை இறக்க ஏறத்தாழ 6 மணி நேரம் வேண்டும். அதுவும் இணைப்பு அறாமல் இருந்தால். ஹாஃப்-லைஃப் 2 ஐந்து குறுந்தகடுகளில் விற்ற விளையாட்டு. ஆகவே இந்தியாவில் அப்போது கணினி விளையாட்டு பரவியது பெரிதும் படியெடுத்த தகடுகளாலும் இணைய மையங்களாலும்தான். இதைத் திருட்டு என்று சட்டம் சொல்லும், சரியே. வாங்க நினைத்தவருக்கு வாங்க வழி இருந்ததா என்ற கேள்வியை மட்டும் வரலாற்றெழுதுவோர் விட்டுவிடக் கூடாது. ஸ்டீம் கடையில் இந்திய ரூபாயில் விலை போடப்பட்டது 2015 நவம்பரில்தான். அதுவரை டாலர் விலையும் வெளிநாட்டுக்குச் செல்லும் அட்டையும் வேண்டும். மாணவர் எத்தனை பேரிடம் அவ்வட்டை இருந்திருக்கும்?

ஆக்குவோரின் தாமதத்தைப் பற்றி நீளப் பேசவேண்டியதில்லை. 1997இல் அறிவிக்கப்பட்ட 'டியூக் நியூகெம் ஃபாரெவர்' 2011இல் வந்தது. அதற்குள் அதுவே நகைச்சுவையாகிவிட்டது. 'சைபர்பங்க் 2077' 2020 ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்கும், அங்கிருந்து நவம்பருக்கும், இறுதியில் டிசம்பர் 10க்கும் தள்ளிப்போனது. கடைசி ஒத்திவைப்பின்போது ஆக்கியோருக்குக் கொலை மிரட்டல் வரை போனது. அதை நியாயப்படுத்த எவராலும் இயலாது. வெளிவந்த ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது; ஆறு மாதம் கழித்தே திரும்பச் சேர்த்தது. இத்தாமதங்களில் ஒரு பண்பு பொது. ஆக்கியவர் பெயர் தெரியும். அவர் ஏதோ ஒரு காரணம் சொன்னார். திட்டுவதற்கேனும் ஒருவர் இருந்தார்.

இந்தியாவின் கதை இங்கேதான் பிரிகிறது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்து இணையத்தின் விலையை வீழ்த்தியது. கணினியே இல்லாத வீடுகளில் கைப்பேசி விளையாட்டுக் கருவியாயிற்று. 2018 மார்ச்சில் உலகெங்கும் வெளியான 'பப்ஜி மொபைல்' அந்த வீடுகளுக்குள் நுழைந்தது. இலவசமாக இறக்கலாம், உடை, ஆயுத அலங்காரம் முதலியவற்றுக்குத்தான் பணம். நூறு பேர் ஒரு தீவில் இறங்கிக் கடைசி ஒருவர் வரை மோதும் ஆட்டம் அது. (இங்கும் இறங்குதல்தான்.) தோழரோடு பேசிக்கொண்டே ஆடலாம் என்பதால் பொது ஊரடங்கின்போது அது திண்ணையாகவும் ஆயிற்று.

2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கு மோதலுக்குப் பின் சீனத் தொடர்புள்ள 59 செயலிகளை மத்திய அரசு தடுத்தது. செப்டம்பர் 2 அன்று மேலும் 118 செயலிகள். அவற்றுள் பப்ஜி மொபைலும் ஒன்று. ஆட்டம் தென்கொரியருடையது, அதை இந்தியாவில் வெளியிட்டது சீனத்து டென்சென்ட். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்கீழ், நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும் கருதி, என்பது அறிவிப்பு. தடை சரியா தவறா என்பது இக்கட்டுரையின் வழக்கன்று. அதன் நடைமுறை கவனிக்கத்தக்கது. கடைகளிலிருந்து செயலி நீங்கியது. ஏற்கெனவே கைப்பேசியில் வைத்திருந்தவர் தொடர்ந்து ஆடினர். அக்டோபர் 30 அன்று டென்சென்ட் இந்தியாவுக்கான சர்வர் சேவையை நிறுத்தியபோதுதான் அது உண்மையில் அணைந்தது. காசு கொடுத்து வாங்கிய உடைகள் எங்கே போயின என்று கேட்டவருக்கு யாரும் விடை சொல்லவில்லை; அவை முதலிலும் அவர்களிடம் இருந்ததில்லை.

அந்தச் செப்டம்பரிலிருந்து அடுத்த சூலை வரையிலான பத்து மாதம், இந்தியாவில் ஒரு விளையாட்டுக்காகக் காத்திருந்தோரின் வரலாற்றில் மிக அடர்த்தியான பகுதி. தடை வந்த இரண்டாம் நாள், செப்டம்பர் 4 அன்று, நடிகர் அக்‌ஷய் குமார் 'ஃபௌ-ஜி' என்ற இந்திய விளையாட்டை அறிவித்தார். பெங்களூரைச் சேர்ந்த என்கோர் கேம்ஸ் ஆக்கியது. நிகர வருவாயில் 20 விழுக்காடு 'பாரத் கே வீர்' நிதிக்குச் செல்லும் என்றார்கள். அக்டோபர் இறுதி என்றது நவம்பர் ஆயிற்று. நவம்பர் கடைசியில் முன்பதிவு மட்டும் திறந்தது. 2021 குடியரசு நாளன்றுதான் விளையாட்டு வந்தது. பப்ஜியைப் போன்ற நூறு பேர் மோதலை எதிர்பார்த்தவர்க்குக் கிடைத்தது தனியாள் நடத்தும் கதையாட்டம். சில நாட்களுக்குள் கடையில் அதன் நட்சத்திர மதிப்பீடு சரிந்தது. இந்த ஏமாற்றத்தில் விளையாட்டைவிட விளம்பரத்தின் பங்கே பெரிது. ஆக்கியோர் பப்ஜிக்கு மாற்று என்று சொல்லவில்லை என்பார்கள். அறிவித்த நாள் அதைச் சொல்லிவிட்டது.

இதற்கு நடுவே நவம்பர் 12 அன்று பப்ஜி நிறுவனம் 'பப்ஜி மொபைல் இந்தியா' வரும் என்றும், இந்தியாவில் 10 கோடி டாலர் முதலீடு செய்யப்படும் என்றும் அறிவித்தது. நாள் குறிக்கப்படவில்லை. குறிக்காத நாளுக்குக் காத்திருப்பது குறித்த நாள் தவறுவதைவிடக் கொடியது என்பதை அடுத்த மாதங்கள் காட்டின. போலி இறக்கச் சுட்டிகள் பரவின. ஏ.பி.கே. கோப்பைக் கைப்பேசிக்குக் கைப்பேசி மாற்றிக்கொள்ளும் வழக்கம், படியெடுத்த தகட்டுக் காலத்தை நினைவூட்டும்படி, திரும்பி வந்தது. வி.பி.என். வழியாகக் கொரியப் பதிப்பை ஆடியவரும் உண்டு. விளையாட்டை ஆடிக்காட்டிப் பிழைத்த யூடியூபர்களின் நிலையோ இக்கட்டானது: நாளை வரும் என்று சொன்னால் பார்வையாளர் வருவர், பொய்த்தால் திட்டுவர், சொல்லாவிட்டால் வருவதே இல்லை. வதந்தி அக்காலத்தில் ஒரு தொழிலாகவே இருந்தது.

2021 மே 6 அன்று கிராஃப்டன் நிறுவனம் புதிய பெயரை அறிவித்தது: 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா', சுருக்கமாக பி.ஜி.எம்.ஐ. மே 18இல் முன்பதிவு, ஜூன் 17இல் முன்னணுக்கம், ஜூலை 2இல் ஆண்ட்ராய்டு வெளியீடு, ஆகஸ்டு 18இல் ஐபோன் வெளியீடு. 'வெளியீடு' என்ற ஒற்றைச் சொல் இங்கே நான்காக உடைந்ததைக் கவனிக்கலாம். நூல் வெளியீடு ஒரு மாலையில் முடியும். ஆட்டத்தின் வெளியீடு மூன்று மாதம் நீளும் படிவரிசை. ஒவ்வொரு படியிலும் உள்ளே நுழைந்தவரும் வெளியே நின்றவரும் வேறு வேறு. ஐபோன் வைத்திருந்தவர் இந்தியாவில் ஒரு முறையேனும் ஆண்ட்ராய்டு வைத்திருந்தவரைப் பொறாமையுடன் பார்த்த காலம் அது.

மொழி நோக்கில் இப்பதிப்பு தனியே ஆராயத்தக்கது. பழைய பதிப்பில் எதிரியை வீழ்த்துவதற்குக் 'கில்' என்ற சொல் இருந்தது; இந்தியப் பதிப்பில் அது 'ஃபினிஷ்' ஆயிற்று. சிவப்புக் குருதி பச்சையாயிற்று. இது மெய்யுலகன்று என்று விளையாட்டே நினைவூட்டியது. 18 வயதுக்கு உட்பட்டோர்க்குப் பெற்றோர் இசைவு, நாளொன்றுக்கு 3 மணி நேரம், 7000 ரூபாய் என்ற வரம்புகள் வந்தன. ஆட்டம் அதேதான். சொல்லை மாற்றினால் பொருள் சற்று மாறும் என்ற நம்பிக்கையில் அரசும் நிறுவனமும் ஒன்றுபட்டன. இடக்கரடக்கலை இலக்கணத்தில் படித்த தமிழ் மாணவருக்கு இது வியப்பளிக்காது.

அடுத்த பதின்மூன்று மாதம் பொற்காலம் என்றே ஆடியவர் குறிப்பர். 2022 ஜூலையில் பதிந்தோர் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியதாக நிறுவனம் அறிவித்தது. ஜூன் 24 முதல் ஜூலை 17 வரை நடந்த பி.ஜி.எம்.ஐ. மாஸ்டர்ஸ் தொடரை ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 2 ஒளிபரப்பியது. கைப்பேசி ஆட்டம் வீட்டுத் தொலைக்காட்சியில், கிரிக்கெட் வரும் அலைவரிசைக் குடும்பத்திலேயே வந்தது. பிள்ளையின் விளையாட்டுக்கு ஒரு மரியாதை உண்டு என்று பெற்றோரில் சிலரேனும் முதன்முறையாக எண்ணிய தருணம் அதுவாக இருக்கக்கூடும். தொடர் முடிந்த பதினோராம் நாள், ஜூலை 28 மாலை, கூகுள், ஆப்பிள் கடைகளிலிருந்து பி.ஜி.எம்.ஐ. மறைந்தது. அரசாணைப்படி தடுத்ததாகக் கூகுள் கூறியது. ஆணை என்ன சொன்னது என்பது பொதுமக்களுக்குத் தரப்படவில்லை.

தராதது தற்செயலன்று. 69ஏ பிரிவின்கீழ் இயற்றப்பட்ட 2009ஆம் ஆண்டுத் தடுப்பு விதிகளில் 16ஆம் விதி, இத்தகைய ஆணைகளும் அவற்றின்மீது எடுக்கும் நடவடிக்கைகளும் மறைவாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை நீக்கியபோதும், 69ஏ பிரிவையும் அதன் விதிகளையும் செல்லும் என்றே விட்டது. ஆகவே 2022இல் காத்திருந்தவர்க்கு நாள் மட்டுமன்று, காரணமும் இல்லை. நிறுவனம் அரசைக் கைகாட்டியது. கடை ஆணையைக் கைகாட்டியது. ஆணை மறைவில் இருந்தது. திட்டக்கூட யாரும் இல்லாத நிலை. 2004இல் கேப் நியூவெல் மீது பொழிந்த வசவுகள், ஒரு வகையில், வாடிக்கையாளர்க்கு இருந்த உரிமையின் அடையாளம் என்பது இப்போதுதான் புலப்படுகிறது.

இம்முறை சர்வர் அணையவில்லை. கைப்பேசியில் செயலி வைத்திருந்தவர் ஆடிக்கொண்டேயிருந்தார். புதிதாக இறக்கக் கடைகளில் வழியில்லை. கைப்பேசி பழுதானாலோ மாற்றினாலோ ஏ.பி.கே. கோப்பைத் தேடி அலைய வேண்டும். பழைய கைப்பேசியைக் கைவிடாமல் பேணுவது ஒரு முதலீடாயிற்று. போட்டித் தொடர்களை நம்பிப் பயிற்சி பெற்ற அணிகளுக்கோ அடுத்த போட்டி எது என்று தெரியாத நிலை. இதற்கிடையே அந்த ஆண்டு டிசம்பரில் மின்விளையாட்டைப் பல்விளையாட்டுப் போட்டிகளின் பகுதியாக ஏற்று, இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் அரசு வைத்தது. அடுத்த ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பப்ஜி மொபைலின் தனிப்பதிப்பு பதக்கப் போட்டியாகவே இருந்தது. ஒரே ஆட்டம் ஓரிடத்தில் விளையாட்டு, ஓரிடத்தில் அச்சுறுத்தல்.

2023 மே 19 அன்று திரும்பிவர அனுமதி கிடைத்ததாக கிராஃப்டன் அறிவித்தது. மூன்று மாதச் சோதனைக்காகவே இவ்வனுமதி என்று அப்போதைய மத்திய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் விளக்கினார். (அடுத்த ஆண்டு அவர் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் போட்டியிட்டார்.) மாத இறுதியில் ஆட்டம் திறந்தது. சிறார்க்கு 3 மணி நேரம் என்பதோடு, வளர்ந்தவர்க்கும் நாளொன்றுக்கு 6 மணி நேரம் என்ற எல்லை வந்தது. முதல் தடையிலிருந்து முதல் வெளியீடு வரை பத்து மாதம். இரண்டாம் நீக்கத்திலிருந்து திரும்பும் வரை மீண்டும் பத்து மாதம். அதைவிட முக்கியமானது அம்மூன்று மாதம் என்ற சொல். சோதனைக்கு உட்பட்ட வெளியீடு எப்போது வெளியீடாகிறது? 'வெளியிடு' என்ற வினைக்குத் தமிழில் எதிர்வினை இல்லை. வெளியிட்டதை உள்ளிழுப்பதற்கு ஒரு சொல் இதுவரை தேவைப்படவில்லை.

இதை இந்திய அரசின் செயல் மட்டுமாகக் காண்பது பிழையாகும். யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'தி குரூ' என்ற கார்ப்பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. விலை கொடுத்துத் தகடாக வாங்கியவரும் அன்றோடு ஆடமுடியாமல் போயினர். அதிலிருந்து எழுந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களை 2025 ஜூலைக்குள் திரட்டியது. கலிபோர்னியாவில் 2024 செப்டம்பரில் கையெழுத்தான சட்டம், உரிமத்தை மட்டும் விற்பவர் அதை வாங்குவோர்க்குத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது என்றது. அது நடைமுறைக்கு வருமுன்பே ஸ்டீம் தன் பணம் செலுத்தும் பக்கத்தில், நீங்கள் பெறுவது உரிமம் என்ற குறிப்பைச் சேர்த்துவிட்டது. ஒரு வினைச்சொல்லின் பொருளைக் காக்கச் சட்டமன்றம் சட்டம் இயற்றிய அரிய நிகழ்வு இது. மொழியியல் மாணவர் குறித்துவைக்கத் தக்கது.

இருபுறமும் ஒரே கட்டமைப்பு. சரக்கு இங்கே, சாவி அங்கே. சாவி நிறுவனத்திடம் இருக்கிறவரை அரசு நிறுவனத்தின் வழியாகவோ, கடையின் வழியாகவோ அதைத் திருப்பிக்கொள்ளலாம். சாலைக் கடைத்தெருவில் இறங்கிய மூட்டையைப் பறிக்க வேண்டுமானால் ஆட்கள் வரவேண்டும், பட்டியல் எழுதவேண்டும், கையெழுத்து வாங்கவேண்டும். குறைந்தது அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள். டிஜிட்டல் விநியோகம் அச்சாட்சிகளை நீக்கிவிட்டது.

சாட்சி நீங்கியதால் இழப்பு ஆய்வாளர்க்கும் உண்டு. நூல் வெளியீட்டை ஆராய்வோர்க்கு 1954ஆம் ஆண்டு நூல் அளிப்புச் சட்டம் என்றொரு துணை இருக்கிறது; அச்சான நூலின் படி சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குச் செல்லவேண்டும். ஒரு சிற்றிதழ் எத்தனை மாதம் தாமதமாக வந்தது என்பதை இதழின் மேலட்டையையும் நூலக முத்திரையையும் வைத்துக் கணிக்கலாம். கணினி விளையாட்டுகள் அச்சட்டத்தின் எல்லைக்குள் வருவதில்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று விடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டது. இந்தியாவுக்கு அத்தகைய கணக்கெடுப்பைத் தொடங்க முதலில் பட்டியல் வேண்டும். கடையிலிருந்து ஒரு செயலி நீங்கும்போது அதன் பக்கமும் நீங்குகிறது; பக்கத்தோடு அதன்கீழ் எழுதப்பட்ட இலட்சக்கணக்கான மதிப்புரைகளும் கண்ணிலிருந்து மறைகின்றன. உரோமன் எழுத்தில் எழுதிய தமிழும் மலையாளமும் இந்தியும், ஒற்றை நட்சத்திரத்தால் காட்டிய சினமும் அவற்றில் இருந்தன. கைப்பேசித் தலைமுறையின் முறையீட்டு மொழிக்கு அதைவிடச் சிறந்த தரவு வேறில்லை. முறையீட்டுக்குக் காரணமான நிகழ்வே முறையீட்டையும் அழித்தது.

எல்லாம் இருள் என்று சொல்வதற்கில்லை. கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் களமாகக் கொண்ட 'வெண்பா', டொராண்டோவின் விசை கேம்ஸ் ஆக்கம், 2023 ஜூலை 31 அன்று ஒரே நாளில் உலகெங்கும் வந்தது. அடுத்த ஆண்டு சிறந்த முதல் ஆக்கத்துக்கான பாஃப்டா விருதையும் பெற்றது. ஒரு சிறு குழு கப்பலும் பெட்டியும் கிட்டங்கியும் இன்றி இதைச் செய்ய முடிந்தது டிஜிட்டல் விநியோகத்தால்தான். ஆனால் அது வெளியான கருவிகளுள் ஒன்றான நின்டெண்டோ ஸ்விட்சுக்கு இந்தியாவுக்கென ஓர் இணையக் கடை கிடையாது. இட்லி அவிக்கும் அந்த ஆட்டத்தை, இட்லி அவியும் ஊரிலிருந்து அக்கருவியில் வாங்குவதற்கு வேற்று நாட்டவராகப் பதிய வேண்டும்.

கடைசியாக 'ஃப்ரீ ஃபயர்'. குறைந்த விலைக் கைப்பேசியிலும் ஓடியதால் பப்ஜியைவிட எளிய வீடுகளில் ஆடப்பட்டது. 2022 பிப்ரவரி 14 அன்று 54 செயலிகளோடு தடுக்கப்பட்டது. அதன் உரிமையாளரான சீ நிறுவனத்தின் தலைமையிடம் சிங்கப்பூர். 2023 ஆகஸ்டு 31 அன்று 'ஃப்ரீ ஃபயர் இந்தியா' அறிவிக்கப்பட்டது. தூதர் மகேந்திர சிங் தோனி, தரவு இந்தியாவிலேயே வைக்கப்படும், செப்டம்பர் 5 அன்று வெளியீடு. செப்டம்பர் 4 அன்று, ஒரு நாள் இருக்கும்போது, இன்னும் சற்று மெருகூட்ட வேண்டியிருப்பதால் சில வாரங்கள் தள்ளிவைப்பதாக நிறுவனம் சொன்னது. 2024ஆம் ஆண்டு முடிந்தபோதும் அச்சில வாரங்கள் முடியவில்லை. அதே ஆட்டத்தின் உயர்தரப் பதிப்பான 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்' அத்தனை நாளும் கூகுள் கடையில் இறக்குவதற்குத் தடையின்றிக் கிடைத்தது.